மேலே ஒரு பெயர், உள்ளே ஒரு மருந்து



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வருகிறவர் முதல் கால் மணி நேரத்தை நன்றி நவில்வதிலேயே கழிப்பது நம் வழக்கம். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் அமெரிக்காவில் நடந்த சில சம்பவங்களைச் சொல்ல வேண்டும். அவற்றில் நம் நாட்டு மருந்து நிறுவனங்களுக்கு உள்ள பங்கைச் சொல்ல வேண்டும். பிறகு நம் தெருமுனை மருந்துக்கடைக்கும் வந்து சேர வேண்டும். ஆகவே நன்றியை இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன், பொறுத்தருள்க.

2018 ஆகஸ்ட் மாதக் கடைசியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எஃப்.டி.ஏ. என்று சொன்னால்தான் உங்களுக்குச் சட்டென்று புரியும். இனி அப்படியே சொல்கிறேன். கேம்பர் ஃபார்மசூட்டிகல்ஸ் என்ற நிறுவனம் விற்ற மான்டிலூகாஸ்ட் 10 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு தொகுதியை, அதாவது ஒரு பாட்சை, நோயாளிகளின் வீடு வரை போய்த் திரும்பப் பெறுகிறார்கள் என்பது செய்தி. மான்டிலூகாஸ்ட் ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் தரும் மருந்து. வீசிங் தொல்லை உள்ள வீடுகளில் இந்தப் பெயரைத் தெரியாதவர் இருக்கமாட்டார்கள். முத்திரை உடையாத குப்பி. லேபிளில் மான்டிலூகாஸ்ட், 30 மாத்திரை என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தவை 90 மாத்திரைகள். அத்தனையும் லோசார்ட்டான் 50 மில்லிகிராம், நாம் பிரஷர் மாத்திரை என்கிறோமே, அது.

மாணவர்கள் இந்த 90 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மாத்திரை தவறிக் கலந்திருந்தால் முப்பதுக்குள் ஐந்தாறு வேறு மாத்திரை கிடந்திருக்கும். இங்கே அப்படியில்லை. 90 லோசார்ட்டானை எண்ணி நிரப்பி மூடி முத்திரையிட்ட வேலையில் ஒரு குறையும் தெரியவில்லை. குப்பி தன் வரிசையை விட்டு வேறு வரிசைக்குப் போய், அங்கே ஓடிக்கொண்டிருந்த லேபிளை ஒட்டிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மருந்தில் பிழை இல்லை, லேபிளிலும் ஓர் எழுத்துப் பிழை இல்லை. இரண்டும் ஒன்று சேர்ந்ததுதான் பிழை. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வால்சார்ட்டான் மாத்திரைகளில் புற்றுநோய் அபாயமுள்ள மாசு கலந்திருக்கிறது என்று உலகமே பதறிக்கொண்டிருந்தது; கேம்பரும் அப்போது தன் வால்சார்ட்டானைத் திரும்பப் பெற்றது. அந்தப் பதற்றத்தில் பத்தோடு பதினொன்றாக இந்த ஒரு தொகுதிச் செய்தி அமுங்கிப்போனது. என் கணக்கில் இரண்டாவதுதான் யோசிக்க வேண்டிய செய்தி. மாசைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடமும் கருவியும் வேண்டும். இதற்குக் குப்பியைத் திறந்து பார்க்கும் ஒரு ஜோடிக் கண் போதும். ஆனால் அந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நோயாளியின் பக்கம் நின்று பாருங்கள். ஆஸ்துமாக்காரர் இரவில் ஒரு மாத்திரை விழுங்கிவிட்டுப் படுக்கிறார். அவருக்கு வேண்டிய மருந்து உடம்பில் சேரவில்லை. இது முதல் கெடுதல். வேண்டாத மருந்து சேர்கிறது; இது இரண்டாவது. ரத்த அழுத்தம் சரியாக இருப்பவருக்கு அது இறங்கித் தலைசுற்றும், பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் தடுமாறும். அந்த நோயாளி கர்ப்பிணியாக இருந்துவிட்டால் கதை வேறு. லோசார்ட்டான் வகை மருந்துகள் கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைக் குலைத்து உயிரையே பறிக்கக்கூடியவை. அதனால்தான் அந்த மருந்தின் குறிப்பேட்டில் கட்டம் கட்டிய எச்சரிக்கை முதலிலேயே இருக்கிறது. அந்த எச்சரிக்கை லோசார்ட்டான் குப்பியோடு போகும். மான்டிலூகாஸ்ட் என்று லேபிள் ஒட்டிய குப்பியோடு அது எப்படிப் போகும்? லேபிள் மாறும்போது பெயரோடு எச்சரிக்கையும் மாறிப்போகிறது என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்.

அதே ஆகஸ்டில், இதற்குச் சில நாள் முன்னால், அக்கார்டு ஹெல்த்கேர் என்ற நிறுவனம் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராம் மாத்திரையின் ஒரு தொகுதியைத் திரும்பப் பெற்றது. 100 மாத்திரைக் குப்பி ஒன்றில் ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராம் 100 இருந்தது. இரண்டும் சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரைகள்தாமே, என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கத் தோன்றும். வித்தியாசம் பொட்டாசியத்தில் இருக்கிறது. முதல் மருந்து பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியே தள்ளும். இரண்டாவது அதை உடம்பிலேயே பிடித்து வைக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறையுமே என்று டாக்டர் பொட்டாசிய மருந்தும் சேர்த்து எழுதியிருப்பார். குப்பி மாறிப்போன நோயாளி, பொட்டாசியத்தை வெளியே விடாத மாத்திரையை விழுங்கிவிட்டு, மேற்கொண்டு பொட்டாசியத்தையும் குடிப்பார். இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். டாக்டர் சரியாகத்தான் எழுதினார், கடைக்காரரும் லேபிளைப் பார்த்துச் சரியாகத்தான் கொடுத்தார். நோயாளியும் வேளை தவறாமல் சாப்பிட்டார்.

கேம்பர், ஹைதராபாத்தின் ஹெட்டரோ குழுமத்தைச் சேர்ந்தது. அக்கார்டு, ஆமதாபாத்தின் இன்டாஸ் நிறுவனத்தின் கிளை. இதைச் சொல்வது நம் நாட்டைக் குறைகூறுவதற்காக அல்ல. அமெரிக்காவில் சீட்டு எழுதி விற்கும் மலிவு விலை மாத்திரைகளில் பெரும்பங்கு இந்திய நிறுவனங்களுடையது. சமைக்கிற வீட்டில்தான் பாத்திரமும் கைதவறும். ஆனால் அந்த இரண்டு சம்பவங்களிலும் தவறு கண்ணில் பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 1990களின் நடுவிலிருந்து ஒரு விதி நடப்பில் இருக்கிறது: வாயால் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையிலும் கேப்சூலிலும் அதன் அடையாளக் குறியைப் பொறித்திருக்க வேண்டும். கேம்பரின் மான்டிலூகாஸ்ட் மூலை மழுங்கிய சதுரம், வெளிர் பழுப்பு நிறம். ஒரு பக்கம் ஆங்கில ஐ எழுத்து, மறுபக்கம் 114. லோசார்ட்டான் வெள்ளை, நீள்வட்டம். ஒரு பக்கம் அதே ஐ, மறுபக்கம் 5. எஃப்.டி.ஏ. எச்சரிக்கையில் இந்த வர்ணனைதான் நோயாளிக்குப் பயன்பட்டது. உங்கள் குப்பியைத் திறந்து பாருங்கள், மாத்திரை இப்படி இருந்தால் சாப்பிடாதீர்கள் என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தது.

நம் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை வெள்ளை வட்டம், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். அட்டையிலிருந்து பிதுக்கி உள்ளங்கையில் வைத்த பிறகு அது எந்த மருந்து என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அயல்நாட்டுக்கு அனுப்பும் மாத்திரையில் எழுத்தும் எண்ணும் பொறிக்கத் தெரிந்த நிறுவனங்களுக்கு உள்ளூருக்கு விற்கும்போது மட்டும் அச்சுக்கருவி கிடைக்காமல் போவது ஏன்? சட்டம் கேட்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆலைக்குள் இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்று கேட்டால், பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர்கள் இரண்டே சொல்லில் சொல்வார்கள்: லைன் கிளியரன்ஸ். ஒரு மருந்தைப் பொதிந்து முடித்து அடுத்த மருந்தைத் தொடங்குமுன், வரிசையில் முந்தைய மருந்தின் மாத்திரை ஒன்று, குப்பி ஒன்று, லேபிள் ஒன்று, அட்டைப்பெட்டி ஒன்று கூட மிச்சமில்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. கன்வேயருக்கு அடியில், இயந்திரத்தின் மூடிக்குள், குப்பைக் கூடையில், எடை சரிபார்க்க ஓரமாக எடுத்து வைத்த தட்டில் என்று எங்கெல்லாம் ஒன்று ஒளிந்திருக்கலாமோ அங்கெல்லாம் பார்க்க வேண்டும். பிறகு லேபிள் கணக்கு. கிடங்கிலிருந்து எத்தனை லேபிள் எடுத்தோம், எத்தனை ஒட்டினோம், எத்தனை கிழிந்தன, எத்தனை திரும்பின. கணக்கு உதைத்தால் தொகுதி நகரக்கூடாது. ஷிஃப்ட் முடிகிற நேரம், அடுத்த ஆர்டர் காத்திருக்கிறது, மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் அந்தச் சில நிமிடங்களில்தான் பிறக்கிறது.

எஃப்.டி.ஏ. 1993இல் லேபிள் விதிகளைத் திருத்தி இறுக்கியது. பல மருந்துகளின் லேபிள்களை ஒரே தாளில் அச்சிட்டு வெட்டும் பழக்கம் அச்சகங்களுக்கு லாபம். வெட்டிய கட்டுக்குள் பக்கத்து மருந்தின் லேபிள் ஒன்று நுழைந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே நிறத்தில் உள்ள வெவ்வேறு மருந்து லேபிள்களை அப்படி ஒரே தாளில் அச்சிடக் கூடாது என்றார்கள். வெட்டிய லேபிளைப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றையும் மின்கண்ணாலோ மனிதக் கண்ணாலோ சோதிக்க வேண்டும், அல்லது அந்த மருந்துக்கென்றே தனி வரிசை வைக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். இதையெல்லாம் எழுதி வைத்துக் கால் நூற்றாண்டு ஆன பிறகுதான் 2018 சம்பவங்கள் நடந்தன என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள்.

இனி 1937. திரும்பப் பெறுதலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் ஊரில் மாசஞ்சில் என்ற மருந்து நிறுவனம். தொண்டைப் புண்ணுக்கும் சீழ் நோய்களுக்கும் அதிசய மருந்தாகப் பேர் வாங்கியிருந்த சல்ஃபானிலமைடை, மாத்திரை விழுங்க முடியாத குழந்தைகளுக்காகத் திரவமாகத் தர முடியுமா என்று விற்பனையாளர்கள் கேட்டார்கள். தலைமை வேதியியலாளர் ஹெரால்டு வாட்கின்ஸ் அது டைஎத்திலீன் கிளைக்காலில் நன்றாகக் கரைகிறது என்று கண்டார். ராஸ்பெரி சுவை சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை மூன்றையும் சோதித்தார்கள். நஞ்சா என்று மட்டும் சோதிக்கவில்லை. அன்றைய சட்டம் அதைக் கேட்கவில்லை. 240 கேலன் தயாரித்து செப்டம்பரில் நாடெங்கும் அனுப்பினார்கள். அக்டோபரில் ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து மருத்துவர்கள் குழந்தைகள் சாவதைக் கண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு எழுதினார்கள். சிறுநீர் நின்று, வயிறு வலித்து, நாள்கணக்கில் துடித்துச் சாவு. 353 பேர் அந்த மருந்தைக் குடித்தார்கள், 105 பேர் இறந்தார்கள். அவர்களில் 34 பேர் குழந்தைகள்.

எஃப்.டி.ஏ. ஓடி வந்தபோது அதன் கையில் சட்டமே இல்லை. மருந்து நஞ்சு என்பதற்காக அதைப் பறிமுதல் செய்ய 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. கையில் கிடைத்தது லேபிள் ஒன்றுதான். எலிக்சர் என்று பெயரிட்டால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இந்தக் குப்பியில் ஆல்கஹால் துளியும் இல்லை. ஆகவே தவறான லேபிள். குழந்தைகள் செத்ததற்கு வழக்கில்லை, பெயர் பொருந்தாததற்கு வழக்கு உண்டு. அதே மருந்துக்கு எலிக்சர் என்ற பெயருக்குப் பதிலாகக் கரைசல் என்று பெயர் வைத்திருந்தால் அரசாங்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்த தேடலை மருந்தியல் படிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். எஃப்.டி.ஏ.வின் களப் பணியாளர்களும் வேதியியலாளர்களுமாக 239 பேர், ஏறத்தாழ மொத்தப் படையும், குப்பிகளைத் தேடிக் கிளம்பியது. அதற்குள் மாசஞ்சில் நிறுவனம் விற்பனையாளர்களுக்கும் கடைகளுக்கும் டாக்டர்களுக்கும் தந்தி அனுப்பியிருந்தது. ஆனால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள் என்று மட்டும்தான் அதில் இருந்தது, ஏன் என்று இல்லை. உயிருக்கு ஆபத்து என்ற வரியைச் சேர்த்து மறுபடி தந்தி கொடுக்கும்படி எஃப்.டி.ஏ. வற்புறுத்த வேண்டியிருந்தது. ஒரு விற்பனையாளர் யார் யாருக்கு விற்றேன் என்று சொல்ல மறுத்தார். சிறையில் வைத்த பிறகே சொன்னார். ஒரு டாக்டர் தன் கல்யாணத்தையே தள்ளிவைத்துவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு மலைப்பக்கம் குடிபெயர்ந்துபோன குடும்பத்தின் மூன்று வயதுப் பையனைத் தேடும் பணியில் சேர்ந்துகொண்டார். கடைகளில் பெயர் எழுதாத விற்பனைச் சீட்டுகள், வீட்டு முகவரி இல்லாத பெயர்கள். இப்படி ஒவ்வொரு வீடாகத் தட்டி 234 கேலனும் ஒரு பைண்டும் மீட்டார்கள். மிச்சமுள்ள ஆறு கேலன் போன இடத்தில்தான் அந்த 105 உயிர்களும் போயின.

தவறான லேபிள் என்ற குற்றத்துக்காக நிறுவனம் கட்டிய அபராதம் 26,100 டாலர். வாட்கின்ஸ் தற்கொலை செய்துகொண்டார். 1938 ஜூனில் புதிய சட்டம் வந்தது. மருந்து விற்பனைக்கு வருமுன் பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்பது அதில்தான் வந்தது.

டைஎத்திலீன் கிளைக்கால் என்ற பெயரைச் சொன்னதும் இந்த அரங்கில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். ஆமாம், 88 ஆண்டு கழித்து, 2025இல், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றதும் அதே பொருள்தான். கோல்ட்ரிஃப் என்ற அந்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அந்த நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. அது லேபிள் பிழை அல்ல, அதைவிடக் கொடியது. அதைப் பற்றித் தனிச் சொற்பொழிவே வேண்டும். இங்கே நான் குறிப்பிடுவது ஒன்றே ஒன்று: எந்தக் குப்பியைப் பறிமுதல் செய்வது, எந்தக் குப்பியைச் சோதிப்பது என்று மாநிலத்துக்கு மாநிலம் தகவல் போனது லேபிளில் இருந்த எஸ்.ஆர். 13 என்ற தொகுதி எண்ணைக் கொண்டுதான்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. கடையை விட்டுப் போன மருந்தைத் திருப்பி அழைக்க நம் கையில் உள்ள ஒரே பிடி லேபிள். மருந்தின் பெயர், அளவு, தயாரித்தவர், தொகுதி எண், காலாவதித் தேதி. மற்ற எல்லாத் திரும்பப் பெறுதலிலும் லேபிள் நமக்குச் சாட்சி சொல்லும். லேபிள் பிழைக்காகத் திரும்பப் பெறும்போது அந்தச் சாட்சியே பிறழ்ந்துவிட்டது. அந்த லோசார்ட்டான் மாத்திரைகள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று எந்த நோயாளிக்கும் தெரிய வழியில்லை. அவர் கையில் இருந்தது மான்டிலூகாஸ்ட் எண்.

1941இல் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. வின்த்ராப் என்ற நிறுவனத்தின் சல்ஃபாதயசால் என்ற சீழ் நோய் மாத்திரைகளில் தூக்கத்துக்குத் தரும் ஃபீனோபார்பிட்டால் கலந்துபோனது. அதே நிறுவனம் இரண்டையும் தயாரித்தது. இறந்தவர்களும் பாதிக்கப்பட்டவர்களுமாக ஏறத்தாழ 300 பேர் என்கிறது எஃப்.டி.ஏ. காய்ச்சல்காரர் மாத்திரை சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கினால் நல்ல ஓய்வு என்றுதானே வீட்டார் நினைப்பார்கள்? அந்த விபத்துக்குப் பிறகுதான் மருந்து ஆலைகளின் உற்பத்தி முறைகளையே அரசு கண்காணிக்கும் வழக்கம் வலுப்பட்டது.

2017 மே மாதம் லூபின் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை திரும்பப் பெற்ற கருத்தடை மாத்திரையில் நடந்தது இன்னும் விசித்திரம். மிபெலாஸ் 24 எஃப்.இ. என்ற அந்த அட்டையில் 24 மருந்து மாத்திரையும் ஹார்மோன் இல்லாத 4 மாத்திரையும் வரிசையாக இருக்கும். மாத்திரைகள் இருக்கும் தகடு அதன் உறைக்குள் 180 டிகிரி திரும்பிப் பொதிந்துவிட்டது. ஆகவே முதல் நான்கு நாளும் மருந்தே இல்லாத மாத்திரை. மாதத் தொடக்கத்தில் அந்த நான்கு நாள் தவறினால் விளைவு என்ன என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. விசித்திரம் அதுவல்ல. தகடு தலைகீழாகப் போனதால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உறைக்குள் மறைந்துவிட்டன. பிழை எந்த அட்டையில் இருக்கிறது என்று காட்டும் எண்ணை அந்தப் பிழையே மறைத்துவிட்டது! இதே மாதிரி 180 டிகிரித் திருப்பம் 2011இல் குவாலிடெஸ்ட் நிறுவனத்திலும், 2012இல் கிளென்மார்க்கிலும் கருத்தடை அட்டைகளில் நடந்திருக்கிறது. ஒரே குழியில் மூன்று பேர் விழுந்தால் குழியைத்தான் மூட வேண்டும். அட்டையின் வடிவத்தைச் சற்று மாற்றித் திருப்பி வைக்கவே முடியாதபடி செய்வது பொறியியல் மாணவருக்கு ஒரு பிற்பகல் வேலை.

லேபிள் சரியாக இருந்தும் ஆளைக் கொல்லும் என்பதற்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் கதை. 2006 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் மூன்று பச்சிளங்குழந்தைகள் இறந்தார்கள். குழாயை அடைப்பின்றி வைக்க 10 யூனிட் ஹெப்பாரின் தர வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் போனது. இரண்டு குப்பியின் லேபிளும் நீலம். ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி. 2007 அக்டோபரில் தயாரிப்பாளரான பாக்ஸ்டர் லேபிளை மாற்றியது. மருத்துவமனைகளில் இருந்த பழைய குப்பிகளைத் திரும்ப எடுக்கவில்லை. அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடிகர் டென்னிஸ் குவெய்டின் இரட்டைக் குழந்தைகளுக்கு அதே தவறு நடந்தது. நல்லவேளையாகக் குழந்தைகள் பிழைத்தார்கள். 2008இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். எத்தனையோ பொருள்களைத் திரும்பப் பெறுகிறார்களே, இதை ஏன் பெறவில்லை என்ற கேள்வி அந்தச் சாட்சியத்தில் தொக்கி நின்றது.

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின் 17ஆம் பிரிவு தவறான லேபிள் பற்றியது. 17பி பிரிவு போலி மருந்து பற்றியது. ஒரு மருந்தின் இடத்தில் வேறொரு மருந்து முழுதாகவோ பகுதியாகவோ இருந்தால் அது போலி என்கிறது அந்தப் பிரிவு. எழுத்துப்படி வாசித்தால், கேம்பர் குப்பி மாதிரி ஒன்று இங்கே கிடைத்தால் அது போலி மருந்து. போலி மருந்துக்குத் தண்டனை மிகக் கடுமை. வேண்டுமென்றே களிமண்ணை மாத்திரையாக்கி விற்ற கயவனும், லைன் கிளியரன்ஸில் கண் அசந்த நிறுவனமும் ஒரே கூண்டில் நிற்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறைத் தானே கண்டுபிடித்த நிறுவனம் ஊரறியச் சொல்லுமா, ஓசைப்படாமல் சரக்கை மட்டும் இழுத்துக்கொள்ளுமா? மனித இயல்பு தெரிந்தவர்களுக்கு விடை தெரியும். அமெரிக்காவில் பெரும்பாலான மருந்துகளை எஃப்.டி.ஏ. கட்டாயப்படுத்தித் திரும்பப் பெறவைப்பதில்லை. நிறுவனமே முன்வந்து பெறுகிறது, எஃப்.டி.ஏ. அதை ஊரெல்லாம் கேட்க அறிவிக்கிறது. அந்த அறிவிப்புதான் அங்கே சாட்டை.

இங்கே மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் திரும்பப் பெறுதலுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான முதல் வகையை 72 மணி நேரத்துக்குள் திரும்பப் பெற வேண்டும் என்கிறது. நெறிதான், சட்டமல்ல. உரிமம் தரும் அதிகாரி உத்தரவிட்டால் தொகுதியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனைகளில் இருக்கிறது. மருந்து விதிகளில் 2023 டிசம்பரில் திருத்திய அட்டவணை எம், ஆலைக்குள் புகாரையும் திரும்பப் பெறுதலையும் கையாளும் முறையை விரிவாகச் சொல்கிறது. மாதந்தோறும் தரம் குறைந்த மருந்துகளின் பட்டியல், தொகுதி எண்ணோடு, வெளியாகிறது. நல்லது. ஆனால் திருவாரூரிலோ திண்டுக்கல்லிலோ பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டிக்கு அந்தப் பட்டியல் எந்த வழியாகப் போய்ச் சேரும்?

போய்ச் சேர்ந்தாலும் பாட்டியிடம் தொகுதி எண் இருக்காது. நம் கடைகளில் கத்தரிக்கோல் இருக்கிறது. ஐந்து நாளைக்கு மட்டும் கொடுப்பா என்று கேட்டதும் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறோம். எண்ணும் தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். முதலில் வாங்கியவரோடு அது போய்விட்டால் மீதி வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது பெயரின் பாதி எழுத்துகள். இதற்காகக் கடைக்காரரைத் திட்டுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. அட்டை முழுதும் வாங்கக் காசில்லாதவர் நாளை முதல் மருந்தையே நிறுத்திவிடுவார். எண்ணையும் தேதியையும் ஒவ்வொரு மாத்திரைக் குழிக்குப் பின்னாலும் அச்சிடச் சொல்லுங்கள், கத்தரிக்கோல் இருந்துவிட்டுப் போகட்டும். அதுவரை எண் இருக்கும் பக்கத்தைக் கடைசியாக வெட்டி, வாங்குகிறவரின் பில்லில் தொகுதி எண்ணை அச்சிட்டால் போதும். கணினி பில் போடும் கடைகளில் அந்த எண் ஏற்கெனவே கணினிக்குள் இருக்கிறது. ஆனால் பலர் பில்லே கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை.

கியூஆர் கோடு வந்துவிட்டதே என்று முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்குகிறார். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் அது கட்டாயம். அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பொதிக்கும் தனி எண்ணே உண்டு. கள்ளச் சரக்கைப் பிடிக்க இவை நல்ல கருவிகள், வரவேற்கிறேன். ஆனால் குறியீடு லேபிளின் மேல்தான் அச்சாகிறது. மான்டிலூகாஸ்ட் லேபிள் ஒட்டிய லோசார்ட்டான் குப்பியைச் செல்போனில் ஸ்கேன் செய்தால், இது அசல் மான்டிலூகாஸ்ட், இன்ன நிறுவனம், இன்ன தேதி என்று திரையில் அழகாக வரும். லேபிள் உண்மையானதா என்று அது சொல்லும், உள்ளே இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மாத்திரைகளைக் கையாளும் மருந்தாளுநர் ஒருவர். ஒரே மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கும் நோயாளி மற்றவர். நம் நோயாளிகள் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். காலையில் சிவப்பு, ராத்திரி மஞ்சள், சாப்பாட்டுக்கு முன்னால் அந்தச் சின்ன வெள்ளை. நாம் அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். கம்பெனியை மாற்றிக் கொடுத்தால் நிறம் மாறுகிறது, அவர்கள் குழம்பிக் கேட்கிறார்கள், அதே மருந்துதான் போம்மா என்று அனுப்பிவிடுகிறோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது அதே மருந்துதான். போம்மா என்று சொல்வதற்கு முன்னால் அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரமாகும் என்று, இங்கே படித்துவிட்டு அடுத்த ஆண்டு கவுண்டருக்குப் பின்னால் நிற்கப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையில் அடையாளக் குறி, ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் தொகுதி எண், தவறைத் தானே சொல்லும் நிறுவனத்தை மோசடிக்காரனிடமிருந்து பிரித்துப் பார்க்கும் ஒரு திரும்பப் பெறுதல் சட்டம். இந்த மூன்றுக்கும் செலவு யார் தலையில் விழும், மாத்திரை விலை எவ்வளவு ஏறும் என்று கேட்பார்கள். சிறு ஆலைகள் தாங்குமா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விகள். மருந்து வணிகர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள், ஆலையில் பேக்கிங் பிரிவைக் கவனிக்கும் பழைய மாணவர்கள் சிலரும் பின்வரிசையில் தெரிகிறீர்கள். எனக்கு மறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். அவைத்தலைவர் அனுமதித்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.